ஐந்து கட்டம், மூன்று எழுத்து கையில்: மீதியை எப்படித் தேடுவது?

கடலூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஓய்வுபெற்ற என் அப்பா தினமும் காலையில் போனில் வேர்டில் ஆடுகிறார். நேற்று கடைசி எழுத்து ஏ என்று பச்சையில் வந்துவிட்டது. ஓ, ஆர் இரண்டும் மஞ்சளில். மூன்று வாய்ப்பு மிச்சம் இருந்தும் ஒன்றும் ஓடவில்லை, விட்டுவிட்டார். இப்படிச் சில எழுத்துகள் தெரிந்த ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தைகளின் பட்டியல் எங்கே கிடைக்கும்?” வேர்டில் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தையை ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்கிற ஆட்டம். போட்ட எழுத்து சரியான கட்டத்தில் இருந்தால் பச்சை, வார்த்தையில் வேறு கட்டத்தில் இருந்தால் மஞ்சள், இல்லவே இல்லை என்றால் சாம்பல். பட்டியல்தான் வேண்டும் என்றால் இரண்டு வரியில் பதில் முடிந்துவிடும், இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அதை அப்பா கையில் கொடுத்தால் நாளையிலிருந்து அவருக்கு ஆட்டமே இருக்காது. தெரிந்த மூன்று எழுத்தைப் பிடித்துக்கொண்டு தெரியாத வார்த்தைக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் மொழியியல் படித்தவன் இல்லை. புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோப்பவனாகச் சேர்ந்து, பிற்பாடு புரூப் ரீடராகி, மொத்தம் 34 வருஷம் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியவன். அந்த அனுபவம்தான் என் சரக்கு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். “இந்த எழுத்துகள் உள்ள வார்த்தை” என்று சொல்லும்போது மூன்று வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இந்த எழுத்துகளும் இருக்க வேண்டும், வேறு எழுத்துகளும் வரலாம் என்பது ஒன்று. இந்த எழுத்துகளை மட்டுமே கலைத்துப் போட்டு வார்த்தை ஆக்க வேண்டும் என்பது இன்னொன்று. இன்ன எழுத்து இன்ன கட்டத்தில் என்று இடம் தெரிந்தது மூன்றாவது. அப்பாவின் புதிர் முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தது. ஏ-க்கு இடம் தெரியும், மற்ற இரண்டுக்கும் தெரியாது. பலரும் செய்கிற தப்பு, இதை இரண்டாவது வகை மாதிரி நினைத்து ஏ, ஓ, ஆர் மூன்றையும் மனதுக்குள் உருட்டிக்கொண்டே இருப்பது. உருட்டி உருட்டிக் களைத்துப் போவோமே தவிர, வராத இரண்டு எழுத்து அதற்குள்ளிருந்து எப்படி வரும்?

நம்மவர்களுக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. தமிழில் “கா” ஓர் எழுத்து. நம் குறுக்கெழுத்துப் போட்டியில் அது ஒரே கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் மெய்க்கு ஒரு கட்டம், உயிருக்கு ஒரு கட்டம். “ராயல்” நமக்கு மூன்றெழுத்து, அவர்களுக்கு ஆர், ஓ, ஒய், ஏ, எல் என்று ஐந்து. நாம் காதால் தேடுகிறோம், புதிரோ கண்ணால் தேடச் சொல்கிறது. இப்படிக் காதை நம்பி நான் பட்ட பாடு ஒன்று உண்டு. உங்கள் அப்பாவின் புதிருக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எண்பதுகளில் பெரிய மார்க்கெட் பக்கத்து வியாபாரி ஒருவர் பில் புத்தகம் அடிக்கக் கொடுத்தார். தேங்காய், கொப்பரை மொத்த வியாபாரம். தலைப்பு ஆங்கிலத்தில் வேண்டுமாம். கொப்பரைக்கு ஆங்கிலத்தில் கோப்ரா: சி, ஓ, பேப்பரில் வரும் பி, ஆர், ஏ. நல்ல பாம்புக்கும் கோப்ராதான், ஆனால் நடுவில் பஸ்ஸில் வரும் பி. கையால் கோக்கும்போது ஈய எழுத்து முகம் மாறித்தான் இருக்கும், வரியையும் தலைகீழாக வைத்துத்தான் படிப்போம். அப்படிப் பார்க்கையில் சின்ன எழுத்து பஸ் பி, பேப்பர் பி மாதிரியே தெரியும். பேப்பர் பி, பஸ் பி மாதிரி தெரியும். ஒன்றுக்கு வயிறு கீழே, இன்னொன்றுக்கு மேலே, அவ்வளவுதான் வித்தியாசம். வேலை முடிந்து எழுத்தைக் கலைத்துத் திரும்ப அறையில் போடும்போது ஒரு பஸ் பி பேப்பர் பி-யின் அறைக்குள் விழுந்திருக்கிறது. மறுநாள் புரூப் வந்தது. ஒருவர் உரக்கப் படிக்க, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். “கோப்ரா மெர்ச்சன்ட்ஸ்” என்றார், காதுக்குச் சரியாக இருந்தது, டிக் போட்டுவிட்டேன். இருபது புத்தகம் அச்சாகித் தைத்தும் ஆயிற்று. அந்த மனிதர் கட்டோடு வந்து மேஜையில் போட்டு, “ஏன்யா, நான் என்ன பாம்பா விக்கிறேன்?” என்றார். காகிதச் செலவில் பாதி என் சம்பளத்தில் போனது. அன்றைக்குப் பிறகு எந்த ஆங்கில வார்த்தையையும் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்க்காமல் விட்டதில்லை.

சரி, புதிருக்கு வருவோம். ஐந்து கட்டத்தில் கடைசியில் ஏ உட்கார்ந்துவிட்டது. மிச்சம் நாலு கட்டம். ஓ-வை நாலில் ஒன்றில் வைக்கலாம், ஆர்-ஐ மிச்சமுள்ள மூன்றில் ஒன்றில் வைக்கலாம். ஆக 12 அமைப்பு. ஒவ்வொன்றிலும் காலியாக இருக்கும் இரண்டு கட்டத்தில் 26-ஐ 26-ஆல் பெருக்கினால் 676. மொத்தம் 8,112. இரண்டு தடவை எண்ணப்படுவதைக் கழித்தால் கொஞ்சம் குறையும். எட்டாயிரத்தை யார் போட்டுப் பார்ப்பது? ஆனால் அந்த 12-ஐ 12 வீடு என்று நினைத்துக்கொண்டு வாசலில் நின்று எட்டிப் பாருங்கள். ஓ நாலாவது கட்டத்தில் இருந்தால் வார்த்தை “ஓ, ஏ” என்று முடிய வேண்டும். அப்படி முடிகிற புழக்கத்து ஐந்தெழுத்து வார்த்தை என்றால் கோகோ ஒன்றுதான், அதில் ஆர் கிடையாது. மூன்று வீடு பூட்டு. ஆர் முதல் கட்டத்தில் இருந்தால் “ரோ” என்றோ, “ஆர், ஏதோ ஒன்று, ஓ” என்றோ தொடங்கி ஏ-யில் முடிய வேண்டும், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஓ முதலில் வந்து ஆர் இரண்டிலோ மூன்றிலோ வருகிற வீடுகளும் அப்படியே. மிஞ்சுவது ஐந்து வீடு.

ஓ முதலிலும் ஆர் நாலிலும் இருக்கும் வீட்டில் ஓபரா: ஓ, பேப்பர் பி, ஈ, ஆர், ஏ. ஓ இரண்டிலும் ஆர் மூன்றிலும் என்றால் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி அயோர்ட்டா, அப்புறம் நம் பரோட்டாவோடு வருகிற குருமா. அதை ஆங்கில அகராதியில் கே, ஓ, ஆர், எம், ஏ என்று போட்டிருப்பார்கள். ஓ இரண்டு, ஆர் நாலு என்றால் மேலே சொன்ன பாம்பும் கொப்பரையும். ஆர் இரண்டு, ஓ மூன்று என்றால் அரோமா, ஸ்வீடன் நாட்டுக் காசு க்ரோனா. ஓ மூன்று, ஆர் நாலு என்றால் ஃப்ளோரா, பழைய கிரேக்க நகரங்களின் சந்தைவெளியான அகோரா. ஆக ஒன்பது. எட்டாயிரம் எங்கே, ஒன்பது எங்கே!

இந்த ஒன்பதையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒன்றுகூட ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை இல்லை. ஃப்ளோரா லத்தீன், ஓபரா இத்தாலியன், அரோமாவும் அயோர்ட்டாவும் அகோராவும் கிரேக்கம், குருமா உருதுப் பக்கத்திலிருந்து போனது. கோப்ரா போர்த்துக்கீசியம், அந்த மொழியில் அதற்குப் பாம்பு என்றே அர்த்தம். கொப்பரையும் போர்த்துக்கீசியர் வழியாகத்தான் போயிற்று, ஆனால் அவர்கள் அதை எடுத்தது கேரளக் கரையில். இது தற்செயல் இல்லை. ஆங்கிலத்தில் ஏ-யில் முடிகிற வார்த்தை பெரும்பாலும் வெளியூர்க்காரர். ஐ-யில் முடிவதும் (டாக்ஸி, அலிபி), யூ-வில் முடிவதும் (மெனு, குரு) பெரும்பாலும் அப்படித்தான். கடைசிக் கட்டத்தில் ஏ பச்சையானதும் அப்பா வழக்கமான இங்கிலீஷ் வார்த்தைகளைத் தேடிக்கொண்டே இருந்திருப்பார். சாப்பாடு, செடிகொடி, மருத்துவம், நாணயம், இசை என்று வேறு தெருக்களுக்குள் போயிருக்க வேண்டும். நான் சொல்லவந்ததில் முக்கியமானது இதுதான்: ஓர் எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்து அந்த வார்த்தை எந்த ஊர்க்காரர் என்று ஊகித்துவிடலாம். ஊர் தெரிந்தால் ஆளைப் பிடிப்பது சுலபம்.

நமக்கு இது புதிதும் இல்லை. மொழிக்கு முதலில் வரும் எழுத்து 22, இறுதியில் வரும் எழுத்து 24 என்று நன்னூல் கணக்கே வைத்திருக்கிறது. எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரும் என்று மெய்ம்மயக்கம் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் உருப்போட்டு மறந்திருப்போம். ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு சூத்திரப் புத்தகத்தை யாரும் நம் கையில் கொடுக்கவில்லை, ஆனால் பழக்கம் இருக்கிறது. வி-யில் வார்த்தை முடியாது, முடிகிற மாதிரி இருந்தால் பின்னால் ஒரு சும்மா ஈ ஒட்டிக்கொள்ளும் (ஹேவ், கிவ், லவ்). ஜே-யிலும் முடியாது, தாஜ், ராஜ் என்பதெல்லாம் நம்மிடமிருந்து போனவை. கியூ வந்தால் பின்னாலேயே யூ வரும், வரவில்லை என்றால் பெரும்பாலும் அரபு வழி வந்த வார்த்தை. எச் தன்னந்தனியாக நிற்பதைவிட சி, எஸ், டீயில் வரும் டி, பேப்பர் பி இவற்றின் தோளில் கைபோட்டு நிற்பதே அதிகம். ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் இல்லை என்று ஆட்டம் சொல்லிவிட்டால் பயப்பட வேண்டாம், ஒய் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்: நிம்ஃப், லிம்ஃப், க்ரிப்ட். இவையெல்லாம் விதி இல்லை, பழக்கம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று விலக்கு கிடைக்கும்.

எந்த எழுத்து எவ்வளவு புழங்கும் என்பது அச்சுக்கோப்பவன் விரலுக்குத் தெரியும். எங்கள் மரத்தட்டில் சின்ன எழுத்துகளின் அறைகள் ஒரே அளவில் இருக்காது. ஈ-க்குக் கை எட்டும் நடுவிடத்தில் ஆகப் பெரிய அறை. கே, எக்ஸ், இசட், கியூ எல்லாம் ஓரத்தில் சுண்டைக்காய் அளவு. நாலு பக்கம் கோத்து முடிப்பதற்குள் ஈ தீர்ந்துவிட்டது என்று ஒருவன் கத்துவான். இசட் தீர்ந்தது என்று கத்தி நான் கேட்டதில்லை. தந்திக் குறிகளில் ஈ-க்கு ஒரே ஒரு புள்ளி கிடைத்ததும் இந்தக் கணக்கால்தான். 1930களில் அமெரிக்காவில் வேலையிழந்த கட்டிடக் கலைஞர் ஆல்ஃப்ரெட் பட்ஸ் செய்தித்தாள் பக்கங்களில் எழுத்துகளை எண்ணித்தான், எழுத்துக் காய்களை அடுக்கி வார்த்தை ஆக்குகிற, பின்னால் ஸ்க்ராபிள் ஆன விளையாட்டை உருவாக்கினார். 100 காய்களில் ஈ 12, ஏ-யும் ஐ-யும் ஒன்பதொன்பது, கியூவும் இசட்டும் ஒவ்வொன்று. ஆனால் ஒரு எச்சரிக்கை. செய்தித்தாளில் எண்ணுவதும் வார்த்தைப் பட்டியலில் எண்ணுவதும் ஒன்று இல்லை. செய்தித்தாளில் “தி” என்ற ஒரே வார்த்தை ஆயிரம் தடவை வந்து எச்-ஐத் தூக்கிவிடும். வேர்டிலின் விடைப் பட்டியலை எண்ணினால் ஈ, ஏ, ஆர், ஓ முன்னால் நிற்கின்றன, எச் வெகுவாகப் பின்னால் போய்விடுகிறது. முதல் வார்த்தையாக எதைப் போடுவது என்று அப்பா யோசிக்கும்போது இந்த இரண்டாவது கணக்குதான் உதவும்.

அகராதியைப் புரட்டலாமே என்று கேட்பீர்கள். அகராதி முதல் எழுத்து தெரிந்தவருக்குத்தான் கதவு திறக்கும். அப்பாவுக்குத் தெரிந்தது கடைசி எழுத்து. ஆங்கிலத்தில் 1775இலேயே ஜான் வாக்கர் என்பவர் வார்த்தைகளை வாலிலிருந்து வரிசைப்படுத்தி, முடிவில் ஓசை ஒத்துவரும் சொல் தேடுபவர்களுக்காக ஓர் அகராதி போட்டார். நம் சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியும் சொற்களை எதுகை பார்த்து, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கியிருக்கிறது. முதலெழுத்து மட்டும்தான் வழி என்று இரண்டு ஊரிலும் யாரும் நினைக்கவில்லை.

வீட்டில் கணினி இருந்தால் வேலை இன்னும் எளிது. ஒரு வார்த்தைப் பட்டியலை எக்ஸெல்லில் போட்டு, லென் என்ற சூத்திரத்தால் நீளம் ஐந்து உள்ளவற்றை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபில்டரில் “சமம்” என்பதைத் தேர்ந்து நாலு கேள்விக்குறியும் ஓர் ஏ-யும் போட்டால் ஏ-யில் முடிவதெல்லாம் வரும். கேள்விக்குறி ஒன்று ஒரே ஓர் எழுத்துக்கு நிற்கும். லினக்ஸ் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் க்ரெப் என்று சொல்லிப் பாருங்கள், கண் சிமிட்டுவதற்குள் செய்துவிடுவார்கள். அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் 1970களில் எழுதிய தேடல் கட்டளை, இன்றைக்கும் ஓடுகிறது. அதற்குக் கொடுக்க வேண்டியது: கூரை மாதிரி ஒரு குறி, நாலு புள்ளி, ஏ, டாலர் குறி. கூரை வார்த்தையின் தொடக்கம், டாலர் முடிவு, புள்ளி ஏதோ ஓர் எழுத்து. வந்ததை ஓ-வுக்கு ஒரு முறை, ஆர்-க்கு ஒரு முறை சலித்தால் முடிந்தது. கூரையும் டாலரும் போட மறந்தால் முதல் சலிப்பிலேயே நம் கட்டுமரம் கேட்டமரான் ஆகி ஒன்பது எழுத்தோடு வந்து நிற்கும், நடுவில் எங்கேயோ நாலு எழுத்துக்குப் பின் ஏ இருக்கிறதல்லவா. கலைத்துப் போடுகிற வகைப் புதிருக்கு வேறு தந்திரம்: ஒவ்வொரு வார்த்தையின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கிவிட வேண்டும். பவளமான கோரலும் கிறிஸ்துமஸ் பாட்டான கேரலும் அப்போது ஏ, சி, எல், ஓ, ஆர் என்று ஒரே சாவியாகிவிடும்.

இதுவரை சொன்னதில் கணக்கு நிச்சயம், வீடுகள் நிச்சயம். ஒன்பதுதான் என்பது மட்டும் நிச்சயம் இல்லை. எதை வார்த்தை என்று ஒத்துக்கொள்வது என்பதில் அகராதிக்கு அகராதி சண்டை. சாவோ டோமே தீவு நாட்டின் காசு டோப்ரா. அதைச் சேர்த்தால் பத்து. கொரியாவும் எழுத்துக்குப் பொருந்தும், ஆனால் ஊர்ப் பெயர் செல்லாது. ஜாஷ் வார்டில் இந்த ஆட்டத்தை 2021 அக்டோபரில் பொதுவில் விட்டபோது தட்டச்சு செய்ய அனுமதித்த வார்த்தைகள் சுமார் 13,000, விடையாக வரக்கூடியவை சுமார் 2,300. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய பிறகு பட்டியலில் கை வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு வார்த்தை செல்லும் என்பதால் அது விடையாக வரும் என்று அர்த்தமில்லை. எஸ் சேர்த்த பன்மை பெரும்பாலும் விடையாக வராது என்பதும் அந்த வகைதான். இன்னொன்று, இது அமெரிக்கச் சரக்கு. நாம் படித்த லேபர், ஃபேவர் எல்லாம் யூ சேர்த்து ஆறெழுத்து, அங்கே யூ இல்லாமல் ஐந்து. அப்பா காலத்துப் பள்ளிக்கூட ஸ்பெல்லிங் இந்த இடத்தில் அவரைக் காலை வாரும்.

இரண்டு இடத்தில் அப்பா கைவிட்டிருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. அரோமா, அயோர்ட்டா, அகோரா மூன்றிலும் ஏ இரண்டு தடவை வருகிறது. கடைசியில் ஒரு ஏ பச்சையாகிவிட்டால் இன்னொரு ஏ-யை யாரும் நினைப்பதில்லை. அடுத்து, மஞ்சள் என்றால் “உள்ளே இருக்கிறது” என்று மட்டும் அர்த்தமில்லை, “இந்தக் கட்டத்தில் இல்லை” என்றும் அர்த்தம். ஓ, ஆர் எந்தக் கட்டத்தில் மஞ்சளாயின என்று நீங்கள் எழுதவில்லை. ஆர் நாலாவதில் மஞ்சளாகியிருந்தால் ஓபரா, பாம்பு, கொப்பரை, ஃப்ளோரா, அகோரா ஐந்தும் ஒரே அடியில் போய், குருமா, அயோர்ட்டா, அரோமா, க்ரோனா நாலுதான் மிச்சம் இருந்திருக்கும்.

ஒருவேளை அந்தத் தகவல் எதுவுமே உதவாமல் ஒன்பதும் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாய்ப்பு இருக்கிறது. முதலில் எதைப் போடுவது? காகிதத்தில் ஒன்பதையும் எழுதி, ஒவ்வொன்றாகப் போட்டு நிறம் பார்த்தேன். கொப்பரையைப் போடுங்கள். ஓ பச்சை, ஆர் மஞ்சள் என்றால் குருமா அல்லது அயோர்ட்டா. இரண்டும் மஞ்சள் என்றால் அரோமா அல்லது க்ரோனா. ஓ மஞ்சள், ஆர் பச்சை, நடு எழுத்து பி சாம்பல் என்றால் ஃப்ளோரா அல்லது அகோரா. அந்த பி-யும் மஞ்சளானால் ஓபராதான், யோசிக்கவே வேண்டாம். எல்லாம் பச்சையாகி அந்த பி மட்டும் சாம்பலானால் பஸ் பி-யைப் போட்டுவிடச் சொல்லுங்கள், உள்ளே இருப்பது பாம்பு.